ஐம்பது மில்லிமீட்டர் காற்று

மல்லாபூர்
8 ஜூன் 2025, ஞாயிறு

அண்ணாவுக்கு,

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அன்றிலிருந்து அம்மா கூப்பிட்டாலும் எடுப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ காலையில் அம்மாவின் திருமுல்கேரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறாய், நான் சாயங்காலம் வருகிறேன். இது தற்செயல் என்று அம்மா நம்புகிற மாதிரி நடிக்கிறாள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். "வாயால எதையும் சொல்ல மாட்டேன், ரெண்டு பேரும் என்னைத்தான் கடைசில திட்டுவேள். எழுதிக் குடு, கையில குடுக்கறேன்" என்றாள்.

என் பக்கத்தையும் ஒரு தடவை கேள். எங்கள் லேபுக்குத் தினம் பெட்டி பெட்டியாக பிரஷர் கேஜ்கள் வருகின்றன. சோதிக்கிறோம். தப்பாகக் காட்டினால் ரிப்போர்ட்டில் சிவப்பு ஸ்டிக்கர், பிறகு முள்ளைச் சரிசெய்து திருப்பி அனுப்புகிறோம். அந்த வாக்யூம் கேஜ் உங்கள் பட்டான்செரு பிளாண்டுடையது என்று எனக்குத் தெரியாது, பெட்டியில் ஒரு கோட் நம்பர்தான் இருந்தது. தெரிந்திருந்தாலும் சிவப்புதான் ஒட்டியிருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் உனக்கு ஒரு போன் செய்துவிட்டு ஒட்டியிருப்பேன்.

அந்த ரிப்போர்ட் நேராக ஆடிட்டர் கையில் போய் உட்காரும் என்று எனக்கு ஜோசியமா தெரியும்? சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில்தான் நின்றது. காற்றை உறிஞ்ச உறிஞ்சத்தான் அதிகமாகக் காட்டியது. நிஜமாக 650 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 700 என்றது. யாரோ வேண்டுமென்றே இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. இப்படி ஒரு முள்ளை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் எப்படித்தான் சரக்கு எடுத்தீர்களோ, எனக்குப் புரியவில்லை.

கோபம் தீர்ந்ததும் எழுது. தீராவிட்டாலும் எழுது.

ப்ரியு


திருமுல்கேரி
15 ஜூன் 2025, ஞாயிறு காலை

ப்ரியம்வதா,

அம்மா தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். அது ஆகும்வரை எழுதுகிறேன், அதற்கு மேல் உனக்குத் தர என்னிடம் நேரமில்லை.

உன் சிவப்பு ஸ்டிக்கரால் எனக்கு மெமோ. பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல் மெமோ. புரொடக்‌ஷன் மேனேஜர் கிருஷ்ணாவின் பிளாண்டில் கேஜ் தப்பு, அதைக் கண்டுபிடித்தது அவர் தங்கை வேலை பார்க்கும் லேப். கேன்டீனில் இதுதான் பேச்சு. "கர் கா பேதி", வீட்டுக்குள்ளிருந்தே காட்டிக்கொடுத்தவள், என்று ஒருவன் என் காது கேட்கவே சொல்கிறான். ஹவ், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

சரி, மெமோ போகட்டும். நீ 'சரிசெய்து' அனுப்பினாயே, அந்த கேஜ் இப்போது 650-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. இந்த சரக்கின் செய்முறை எங்கள் கடலூர் யூனிட்டிலிருந்து வந்தது. வாக்யூம் 700 மில்லிமீட்டர் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மூன்று வருஷமாக 700-ல்தான் ஓட்டினோம், ஒரு பேட்ச்கூடக் கெடவில்லை. இப்போது பம்ப்பைக் கழற்றி, சீல் மாற்றி, பைப் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தாயிற்று. ஒரு ஓட்டை இல்லை. ஆனாலும் 650.

பேட்ச்சை நிறுத்திவைக்க முடியாது. நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை, கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்தேன். காற்றழுத்தம் 760-ல் 650 போக, சரக்கு கொதிக்கும் ரியாக்டருக்குள் மிச்சம் 110. முன்பு 700 இருந்தபோது மிச்சம் 60. மிச்சக் காற்று கூடினால், சரக்கைக் கரைத்திருக்கும் சால்வென்ட் கொதித்து வெளியேற அதிகச் சூடு வேண்டும். அதனால் 70 டிகிரியில் நிறுத்துவதை 84 ஆக்கச் சொல்லிவிட்டேன். தொண்ணூறைத் தாண்டினால் அந்தச் சரக்கு தானாகவே சூடேற ஆரம்பிக்கும், பிறகு யார் பேச்சையும் கேட்காது. ஆறு டிகிரி இடைவெளி இருக்கிறது. ஸ்ரீனிவாஸ் நல்ல ஆபரேட்டர், பார்த்துக்கொள்வான். வியாழக்கிழமை ஏற்றுகிறோம்.

உன் புண்ணியத்தில் இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. தோசை ஆறுகிறது.

கிருஷ்ணா


திருமுல்கேரி
15 ஜூன் 2025, ஞாயிறு சாயங்காலம்

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா வைத்த காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

84 வேண்டாம். தயவுசெய்து 84 வேண்டாம்.

உன் பம்ப் நன்றாக இருக்கிறது. கேஜும் நன்றாக இருக்கிறது. நீ கழித்தாயே 760, அதுதான் தப்பு. 760 கடலோரத்துக் காற்று. ஹைதராபாத் கடலிலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தமே 710 சுமார்தான்.

நீ திட்டினாலும் பரவாயில்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறேன். அம்மா உன் தட்டில் எட்டு இட்லி வைத்தாள், நீ ஏழு தின்றாய், மிச்சம் ஒன்று. மறுநாள் ஏழுதான் வைத்தாள். ஒன்று மிச்சம் வேண்டுமென்றால் நீ ஆறு தின்றால் போதும். வாக்யூம் கேஜ் தின்ற கணக்கை மட்டும்தான் சொல்லும். கடலூரில் 760 இருந்தது, 700 எடுத்தார்கள், மிச்சம் 60. இங்கே இருப்பதே 710. 650 எடுத்தாலே மிச்சம் 60 வந்துவிடும். உன் முள் 650-ல் நிற்கிறதே, அதுதான் கடலூரின் 700. உள்ளே இருப்பது 110 இல்லை, அதே பழைய 60. சால்வென்ட் 70-லேயே போய்விடும், அதற்கு மேல் நீ ஏற்றுகிற சூடெல்லாம் சரக்கின் தலையில்தான் இறங்கும்.

அந்தச் செய்முறையின் மூலத் தாள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும். எடுத்துப் பார். 80 மில்லிபார் அப்சல்யூட் என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அதாவது உள்ளே மிச்சம் இருக்க வேண்டியது 80 மில்லிபார், 60 மில்லிமீட்டர். கடலூர்க்காரர்கள் அதை 760-லிருந்து கழித்து 'வாக்யூம் 700' என்று தங்கள் ஊருக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு அது சரி. நீங்கள் அந்த எண்ணை அப்படியே பஸ்ஸேற்றி இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள். இங்கே 700 வரவில்லை என்றதும் உங்கள் மெயின்டனன்ஸில் எவனோ, கேஜ்தான் கெட்டது என்று முள்ளை இழுத்துவிட்டிருக்கிறான். ஒரு தப்பு இன்னொரு தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று வருஷம் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். நான் வந்து ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன், அதனால்தான் ஸ்ரீனிவாஸ் வியாழக்கிழமை 84 டிகிரி ரியாக்டர் பக்கத்தில் நிற்கப் போகிறான். நீயும் நிற்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

ரஷ்மி மன்னி நாக்பூரில் இருக்கிறாள், அவளிடம் சொல்லி அவளையும் பயமுறுத்த மனமில்லை. உங்கள் தலைமை அலுவலகத்தில் சேஃப்டி பார்க்கும் வரதராஜன் சாருக்கு ஒரு மெயில் போட்டால் போதும், நின்றுவிடும். ஆனால் மெமோவுக்கு மேல் அது போனால் உன் கதி என்ன என்றும் தெரியும். அதனால் முதலில் உன்னைத்தான் கேட்கிறேன். நீயே நிறுத்திவிடு.

ப்ரியு


பட்டான்செரு
17 ஜூன் 2025, செவ்வாய்

ப்ரியம்வதா,

முட்டிவலியோடு இருக்கும் அம்மாவை இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ மாற்றி ஃபேக்டரி கேட்டுக்கு அனுப்பியிருக்கிறாய். ஒரு கையில் சாம்பார் சாதம், ஒரு கையில் உன் கடிதம். செக்யூரிட்டி கேபினில் உட்காரவைத்திருக்கிறேன், அவள் காத்திருக்கிறாள் என்பதால்தான் இந்தப் பதில். இனிமேல் அவளைத் தபால்காரி ஆக்காதே.

உயரம் கூடினால் காற்று குறையும் என்று நானும் படித்திருக்கிறேன். ஐந்நூறு மீட்டர் என்ன எவரெஸ்ட்டா? நாலைந்து மில்லிமீட்டர் குறையும், போனால் போகட்டும். ஐம்பது என்கிறாய். நம் வீட்டு ஹாலில் அப்பா மாட்டிய பாரோமீட்டர் இருக்கிறதே, அது என்ன சொல்கிறது, போய்ப் பார். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன், 755, 758, மழைக்கு முன்னால் 750. அது இருப்பது திருமுல்கேரியில், கடலூரில் இல்லை. டிஃபென்ஸ் லேபில் முப்பது வருஷம் கருவிகளோடு புழங்கிய அப்பா அனந்தராமனுக்குத் தெரியாதது மல்லாபூர் லேபுக்குத் தெரிந்துவிட்டதா?

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். நீ சொல்வது சரியென்றே வைத்துக்கொள். அப்படியானால் மூன்று வருஷமாக ஒவ்வொரு பேட்ச் ரிக்கார்டிலும் 700 என்று எழுதியது பொய். எல்லாப் பக்கத்திலும் ஸ்ரீனிவாஸின் கையெழுத்து, கீழே என்னுடையது. முதலில் யாரை அனுப்புவார்கள்? அவனைத்தான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். நீ மெயில் போட்டால் என் வேலை மட்டும் போகாது.

மெயில் போடாதே. நக்கோ என்றால் நக்கோ. 84-ஐ நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணா


சந்தாநகர், உன் அபார்ட்மென்ட் வாசல்
18 ஜூன் 2025, புதன் சாயங்காலம்

அண்ணா,

உன் வீட்டில் விளக்கு எரிகிறது. பெல் அடித்தேன், கதவைத் தட்டினேன், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். கீழே வந்து வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா கொடுத்த தயிர்சாதத்தோடு இதையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவாய், அப்போதாவது பார்.

அப்பாவின் பாரோமீட்டரை இன்று போய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரி, 756 காட்டியது. ஒரு நிமிஷம் நான்தான் தப்போ என்று எனக்கே தோன்றிவிட்டது. லேபிலிருந்து கொண்டுபோன என்னுடைய கருவியைப் பக்கத்தில் வைத்தேன். 708.

அம்மாவைக் கேட்டேன். "அது வாங்கின புதுசுல எழுநூத்துச் சொச்சம்தான் காட்டித்து. பேப்பர்ல ஒண்ணு போடறான், இது ஒண்ணு காட்டறதுன்னு உங்கப்பாவுக்குத் தாங்கலை. ஸ்க்ரூ டிரைவரை வச்சுண்டு பேப்பரைப் பாத்துப் பாத்துப் பின்னாடி திருகி சரி பண்ணினார்" என்றாள். வானிலை அறிக்கையில் போடுகிற எண், எந்த ஊராக இருந்தாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிப் போடுகிற எண் அண்ணா. வீட்டு பாரோமீட்டரை எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள், மழை வருமா என்று பார்க்க அதுதான் வசதி. அப்பா தப்புச் செய்யவில்லை. அவர் அதை ரியாக்டர் ஓட்டவா வாங்கினார்?

நாம் இரண்டு பேரும் அந்த முள்ளைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நானும் 760 என்றுதான் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்கு அப்படித் திட்ட ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை நம்ப வேண்டாம். நாளைக்கு ஏற்றுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். ரியாக்டரை விட்டுவிட்டு, கேஜை மட்டும் உங்கள் பெரிய பம்ப்பில் நேரே மாட்டிப் பார். முள் 710-ஐத் தாண்டி ஒரு கோடு போனாலும் நான் தப்பு, உன் கேன்டீனுக்கே வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஸ்ரீனிவாஸ் விஷயம். பயப்படாதே. உள்ளே இருந்தது எப்போதும் 60-தான், சரக்கு எல்லாமே சரியான சரக்கு. அவன் முள் காட்டியதை எழுதினான், அது பொய் இல்லை. கேஜைத் திருகியது அவன் இல்லை என்று என் ரிப்போர்ட்டே சாட்சி சொல்லும். நானும் வந்து சொல்கிறேன்.

மெயிலை எழுதி வைத்திருக்கிறேன். நீ எட்டரைக்கு உள்ளே போவாய். எட்டு மணிவரை உன் போனுக்காகக் காத்திருப்பேன். வராவிட்டால் அனுப்பிவிடுவேன். என்னைத் தலைமுழுகினாலும் சரி.

ப்ரியு


பட்டான்செரு, உங்கள் கேட்
19 ஜூன் 2025, வியாழன்

அண்ணா,

கேலிப்ரேஷன் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், கையில் வேறு காகிதம் இல்லை.

எட்டு மணிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க வரதராஜன் சாரின் ஆபீசுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மெயிலைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா, தெரியாது. இங்கே வந்து செக்யூரிட்டியிடம் கேட்டால் பேட்ச் ஆறு மணி ஷிப்ட்டிலேயே ஏற்றியாயிற்று என்கிறார். நீ ஐந்தரைக்கே வந்துவிட்டாயாம். நான் எட்டரை என்று நினைத்துக்கொண்டு எட்டுவரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அண்ணா. நேற்று ராத்திரியே அனுப்பியிருக்க வேண்டும்.

உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். நான் கேட்டுக்கு வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதியது. ஆட்கள் வெளியே வந்து கூட்டமாக மைதானத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொரு மஞ்சள் ஹெல்மெட்டாகப் பார்க்கிறேன். நீ இல்லை. ஸ்ரீனிவாஸ் எப்படி இருப்பான் என்றுகூட எனக்குத் தெரியாது.

சைரன் நின்றுவிட்டது. நின்றால் நல்லதா கெட்டதா என்று செக்யூரிட்டியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அம்மா போன் செய்கிறாள், எடுக்க பயமாக இருக்கிறது.

இதை அவரிடம் கொடுக்கிறேன். உன் கைக்கு வந்தால் போதும். படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

ப்ரியு


சந்தாநகர்
21 ஜூன் 2025, சனி

ப்ரியு,

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது நீ கேட்டில் அழுதுகொண்டு நின்றாய். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் போய்விட்டேன். நேரில் பேசினால் பாதி சொல்லாமல் விட்டுவிடுவேன், அதனால் எழுதியே விடுகிறேன்.

சால்வென்ட் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வெளியேறியது. எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா என் கணக்கை என்று உன்னை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 83-ல் இருந்தபோது கண்ட்ரோல் ரூம் போன் அடித்தது. வரதராஜன் சார். மெயிலைப் பார்த்திருக்கிறார். "கிருஷ்ணா, கேள்வி கேட்காதே, ஸ்டீமை மூடு" என்றார். கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அது ஸ்ரீனிவாஸின் காதில் விழுந்து, அவனே மூடிவிட்டான்.

மூடின பிறகும் மிச்சமிருந்த ஆவியின் சூட்டில் ஏறியது, அதை இழுத்துக்கொள்ள உள்ளே சால்வென்ட் இல்லை. 84, 85. "வேடி ஆகட்லேது சார்" என்றான் ஸ்ரீனிவாஸ். சூடு நிற்கவில்லை. சைரன் கொடுத்து எல்லோரையும் வெளியே அனுப்பினேன். குளிர்தண்ணீர் வால்வு கையால் திறக்கிற வால்வு, யாராவது நின்றாக வேண்டும். அவன் போக மாட்டேன் என்றான், நானும் போகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து திருகினோம். 88 வந்தது. அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. பிறகு 87 என்று பார்த்ததும் ஸ்ரீனிவாஸ் கீழே உட்கார்ந்துவிட்டான். கையில் கொப்புளம், வேறொன்றும் இல்லை. அவனை ஏற்றத்தான் ஆம்புலன்ஸ் பக்கம் போனேன்.

இத்தனைக்கும் வாக்யூம் முள் 650-ல் அசையாமல் நின்றது. அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

உன் புதன்கிழமைக் கடிதத்தைப் படித்துவிட்டு எச்சரிக்கையாக இருந்தேன் என்று நீ நினைத்துக்கொள்ளலாம். இல்லை. அன்று நீ கதவைத் தட்டியபோது கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். உன் கடிதம் தயிர்சாத டப்பாவோடு பையிலேயே கிடந்தது. எல்லாம் முடிந்து, மத்தியானம் கேன்டீனில் டப்பாவை எடுத்தபோதுதான் பிரித்தேன். நீ கெஞ்சிக் கேட்ட எதையும் நான் கேட்கவில்லை. நான் போடாதே என்ற மெயிலைப் போட்டாய், அதனால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படித்த பிறகு கேஜை பம்ப்பில் மாட்டச் சொன்னேன். 709. அதற்கு மேல் ஒரு கோடு போகவில்லை. மூலத் தாளும் கிடைத்தது, 80 மில்லிபார் அப்சல்யூட். பந்தயம் ஜெயித்துவிட்டாய்.

விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை இருக்குமா, தெரியாது. 84 என்று எழுதியது நான், வேறு யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஸ்ரீனிவாஸைத் தொட மாட்டார்கள். உன்னைக் கூப்பிட்டால் வந்து உள்ளதைச் சொல். எனக்காக எதையும் குறைத்துச் சொல்லாதே.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் 88 தெரிகிறது. அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு பேப்பரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிகிறது.

நாளைக்கு நான் காலையில் திருமுல்கேரிக்குப் போகவில்லை. சாயங்காலம் வருகிறேன், நீ வருகிற நேரத்துக்கு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் இப்போதே மாவு அரைக்க ஆரம்பித்துவிடுவாள். வரும்போது உன் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று கொண்டு வா. அப்பாவின் பாரோமீட்டரில் ஒட்ட வேண்டும். அவர் திருகியதை யாரும் திருக வேண்டாம், முள் அப்படியே இருக்கட்டும். அம்மா சண்டைக்கு வருவாள். நான் அவளைப் பிடித்துக்கொள்கிறேன், நீ ஒட்டு.

அண்ணா